பயறு வண்டும் சுண்டெலியும்: ஓர் ஒப்பீட்டுப் பாடம்

பயறும் உளுந்தும் துவரையும் களத்திலிருந்து வீட்டிற்கு வந்து சேரும் நாளிலேயே, நாம் அழையாத இரண்டு உயிர்கள் வருவதற்கும் வழி பிறந்துவிடுகின்றது. ஒன்று பயறு வண்டு, மற்றொன்று சுண்டெலி. முன்னது பயற்றின் உள்ளேயிருந்து உண்பது. பின்னது வெளியேயிருந்து கொறிப்பது. 'தானியத்தைக் கெடுப்பவை' என்னும் ஒரே பெயரால் இரண்டையும் குறித்துவிட்டு, இரண்டிற்கும் நஞ்சையோ பொறியையோ தேடுவது பல இல்லங்களில் வழக்கமாகி வருகின்றது. ஆயினும் உடலாலும் பொறிகளாலும் வாழும் முறையாலும் இவை மிகவும் வேறுபட்டவை. அவ்வேறுபாட்டை அறியாமல், உயிர்க்கு ஊறு செய்யாது உணவைக் காத்தல் அரிது. ஆகவே இவ்விரண்டையும் வரிசையாக ஒப்பிட்டுக் காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

இரு பொருள்களை ஒப்பிடும்போது முதலில் ஒற்றுமையையும், அடுத்து வேற்றுமையையும், இறுதியில் அவற்றால் பெறும் பயனையும் கூற வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முறை. பின்னர் வகுப்பறையில் பின்பற்றிய முறையும் அதுவே. இங்கும் அவ்வாறே செல்வோம். பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டி, சமையலறையில் உள்ள பயற்றைக் கையில் எடுத்துப் பார்க்கச் செய்தால் பாடம் நன்கு பதியும்.

பெயரும் இனமும்

நம் வீடுகளில் காணப்படும் பயறு வண்டுகளுள் ஒன்றிற்கு அறிவியலார் இட்ட பெயர் காலோசோபுருக்கஸ் சைனென்சிஸ். சுண்டெலியின் பெயர் மஸ் மஸ்குலஸ். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் பத்தாம் பதிப்பில் இவ்விரு உயிர்களும் இடம்பெற்றன. வண்டின் பேரினப் பெயர் பின்னர் மாற்றப்பட்டது. ஆனால் இரண்டும் அறிவியல் ஏட்டில் பதிவான ஆண்டு ஒன்றே.

இங்கே இரண்டு மயக்கங்களை நீக்கிக்கொள்ள வேண்டும். அரிசியில் காணப்படும் கூன்வண்டு வேறு. பயறு வண்டு வேறு. கூன்வண்டிற்கு முகம் நீண்டு மூக்குப்போல் வளைந்திருக்கும். பயறு வண்டிற்கு அவ்வாறு இல்லை. அது இலைகளை உண்ணும் வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வாறே சுண்டெலி வேறு, மூஞ்சூறு வேறு. நீண்டு கூர்ந்த மூக்கும் கடுநாற்றமும் உடைய மூஞ்சூறு கொறிக்கும் இனத்தைச் சேர்ந்ததே அன்று. அது பெரும்பாலும் கரப்பான் முதலிய பூச்சிகளை உண்டு வாழ்வது. பயற்று மூட்டை அரிக்கப்பட்டிருப்பின் மூஞ்சூற்றின் மேல் பழி சுமத்துதல் முறையாகாது. ஓர் உயிரைச் சரியாக அடையாளம் காண்பது அதற்கு நாம் செய்யும் முதல் நீதி.

ஒற்றுமைகள்

முதலாவது, இரண்டும் நம் சேமிப்பை நம்பி வாழ்பவை. மேற்காசியாவில் பழங்குடியிருப்புகளில் கிடைத்த எலிப் பற்களை ஆராய்ந்தோர் 2017-ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்னரே, ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்பு, மனிதர் அலைந்து திரியாமல் ஓரிடத்தில் தங்கத் தொடங்கியபோதே சுண்டெலியும் அவர்கள் வீட்டை அடுத்து வாழத் தொடங்கிவிட்டது என்பதே அச்செய்தி. பயறு வண்டின் கதையும் இதனோடு ஒத்ததே. வயலில் காய்ந்த நெற்றுகளில் வாழ்ந்து வந்த அதற்கு, விதைகளை மலைபோல் ஓரிடத்தில் குவித்து வைத்தவர் மனிதரே. ஆகவே இவை நம் வீட்டிற்குள் புகுந்த கள்வர் என்பதைவிட, நம் குவியலைக் கண்டு வந்து தங்கியவை என்பதே பொருந்தும்.

இரண்டாவது, இரண்டும் நீரின்றி நெடிது வாழ வல்லவை. பயறு வண்டு வளர்ந்தபின் நீரும் பருகுவதில்லை. உணவும் அதற்கு வேண்டுவதில்லை. புழுப்பருவத்தில் உண்டு சேர்த்த கொழுப்பே அதற்குப் போதும். சுண்டெலி உணவின்றி வாழாது. ஆயினும் தானியத்தில் உள்ள ஈரத்தைக் கொண்டே பல நாள் காலங்கழிக்கும். இதனாலேயே உலர்ந்த பண்டகசாலையும் இவற்றிற்கு வீடாகின்றது.

மூன்றாவது, இரண்டும் விரைந்து பெருகுவன. இவற்றைப் பெருகவிட்டபின் தடுக்க முயல்வோர் கொலையில்தான் முடிகின்றனர். இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு வேற்றுமைகளுக்குச் செல்வோம்.

உடலமைப்பு

பயறு வண்டின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். ஆறு கால்கள், இரண்டு உணர்கொம்புகள், இரண்டு கூட்டுக்கண்கள், பழுப்பு நிறமான கடினச் சிறகு ஓரிணை, அதன் கீழ்ப் பறப்பதற்குரிய மெல்லிய சிறகு ஓரிணை ஆகியன அதற்கு உண்டு. மேற்சிறகு வயிற்றின் நுனியை முற்றும் மூடுவதில்லை. இஃது அதன் அடையாளங்களுள் ஒன்று. ஆண் வண்டின் உணர்கொம்பு சீப்பின் பற்களைப்போல் பிளவுபட்டிருக்கும். எலும்பு கிடையாது, உடலின் மேல்தோடே அதற்கு எலும்பு. மூக்கும் நுரையீரலும் இல்லை. உடலின் பக்கங்களில் உள்ள சிறு துளைகளின் வழியாகக் காற்று உள்ளே செல்கின்றது. தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே வெயிற்காலத்தில் விரைந்தும் குளிர்காலத்தில் மெதுவாகவும் வளரும்.

சுண்டெலியின் எடை ஏறத்தாழ 12 முதல் 30 கிராம். வால் உடலின் நீளத்திற்கு ஏறக்குறையச் சமமாக இருக்கும். எலும்பும் செங்குருதியும் நுரையீரலும் உடையது. அதன் இதயம் நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கின்றது. சிறிய உடலிலிருந்து வெப்பம் விரைவில் வெளியேறிவிடுவதால், அவ்வெப்பத்தைக் காக்க அஃது இடைவிடாது உண்ண வேண்டியிருக்கின்றது. அதன் பேராசையால் அன்று. உடலின் தேவையாலேயே அது நாடோறும் நம் பானையைத் தேடி வருகின்றது.

பற்களையும் ஒப்பிடுவோம். சுண்டெலிக்குப் பற்கள் 16. அவற்றுள் முன்னால் உள்ள நான்கு வெட்டுப்பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமான பூச்சு முன்புறத்தில் மட்டும் இருப்பதால், கொறிக்கக் கொறிக்கப் பின்புறம் தேய்ந்து பல் உளிபோல் கூர்மை பெறுகின்றது. வண்டுப்புழுவின் தாடைகளோ அவ்வாறு வளர்வதில்லை. உடல் பருக்கும்போது பழைய தோலோடு தாடையையும் கழற்றிவிட்டுப் புதியதைப் பெறும். ஒன்று தேய்த்துக் கூராக்கிக்கொள்கின்றது; மற்றொன்று உதறிப் புதுப்பித்துக்கொள்கின்றது.

பொறிகள்

உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையால் வகுப்பது நம் முன்னோர் கண்ட முறை. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதர் என ஒவ்வொன்றாகப் பொறி கூடும் வரிசையைக் கூறுகின்றது. தொல்காப்பியத்தின் மரபியலும் இவ்வாறே உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தி, தும்பியை நான்கறிவு உடையவற்றுள் வைக்கின்றது. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணல் ஆகிய நான்கும் வண்டிற்கு உண்டு. ஐந்தாவதாகிய கேட்டல், சுண்டெலி முதலியவற்றிற்கே உரியது.

இன்றைய ஆய்வைக் கொண்டு நோக்கினாலும் பயறு வண்டிற்குக் காது என்று சொல்லத்தக்க உறுப்பு இல்லை. அதிர்வை மட்டும் உடலால் உணரும். முகர்தலே அதன் தலையாய அறிவு. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று மணத்தால் அறிகின்றன. தாய் வண்டு ஒரு பயற்றின் மேல் முன்பே முட்டை இருப்பதை உணர்ந்துகொண்டு, கூடியவரை முட்டை இல்லாத பயற்றைத் தேடிச் செல்கின்றது. இரண்டு புழுக்கள் ஒரு சிறு பயற்றில் வாழ உணவு போதாது. அந்நிலை வாராமல் காக்கும் இயல்பு அதற்கு அமைந்திருக்கின்றது.

சுண்டெலியின் செவியோ நம் செவியினும் நுண்ணியது. நாம் வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க இயலும். சுண்டெலி ஏறத்தாழ 90,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கின்றது. கூட்டை விட்டு விலகிய குட்டி, நம் செவிக்கு எட்டாத அம்மெல்லிய ஒலியால் தாயை அழைக்கின்றது. தாய் வந்து அதனைக் கவ்வி எடுத்துச் செல்கின்றது. வீடு அமைதியாக இருப்பதாக நாம் எண்ணும் நள்ளிரவில், பரண்மேல் இத்தகைய அழைப்பும் மறுமொழியும் நடந்துகொண்டிருக்கக் கூடும்.

உணவு: ஒரு கணக்கு

சுண்டெலி நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிராம் தானியம் உண்கின்றது. ஆயிரம் பச்சைப்பயறு 35 கிராம் எடை இருக்குமெனக் கொண்டால், 3 கிராம் என்பது ஏறத்தாழ 85 பயறு. அவற்றையும் ஓரிடத்தில் உண்ணாமல், இரவில் பல இடங்களிலும் சிறிது சிறிதாகக் கொறிக்கும். உண்டதைவிடக் கழிவால் கெடுப்பதே மிகுதி. பயறு வண்டோ தன் வாழ்நாள் முழுவதற்கும் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பயற்றை. அதையும் முழுவதுமாக உண்பதில்லை.

அவ்வாறாயின் எலிதானே பெருங்கேடு செய்வது? பிள்ளைகள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு பெண் வண்டு 70 முட்டைகள் இடுவதாகவும், அனைத்தும் பிழைத்து அவற்றுள் பாதி பெண் ஆவதாகவும் கொள்வோம். முதல் தலைமுறையில் 70 வண்டுகள். அடுத்ததில் 35 பெண்களால் 2,450. அதற்கடுத்ததில் 1,225 பெண்களால் 85,750. வெயிற்காலத்தில் மூன்று தலைமுறைக்கு ஏறத்தாழ மூன்று மாதம் போதும். 85,750 பயறு என்பது 3 கிலோவாகும். அதே மூன்று மாதத்தில் ஒரு சுண்டெலி உண்பது 270 கிராமே. உண்மையில் முட்டைகள் அனைத்தும் பிழைப்பதில்லை. ஆயினும் சிறியது என்று புறக்கணிக்கப்பட்டது எவ்வாறு பெரிதாகின்றது என்பதற்கு இக்கணக்கு போதும்.

தாயும் சேயும்

நம் பாடத்தின் நடுவிடம் இதுவே.

பயறு வண்டின் தாய், முட்டையைப் பயற்றின் மேல் பசைபோல் ஒட்டிவிட்டுச் சென்றுவிடும். அம்முட்டை அரை மில்லிமீட்டர் அளவினதாய், செதிள்போல் தோன்றும். சில நாட்களில் முட்டையினுள் பிறக்கும் புழு வெளியே வருவதில்லை. முட்டை ஒட்டியிருக்கும் இடத்திலேயே தோலைத் துளைத்து நேரே பயற்றினுள் புகுந்துவிடுகின்றது. துளைத்த துகள் முட்டை ஓட்டில் நிறைவதால், அதுவரை கண்ணாடிபோல் இருந்த முட்டை பால்போல் வெண்மை அடைகின்றது. பயற்றின்மேல் வெண்புள்ளி காணப்பட்டால் உள்ளே ஓர் உயிர் குடியேறிவிட்டது என்று அறிதல் வேண்டும். அப்புழு நான்கு பருவங்கள் வளர்ந்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, மெல்லிய தோலை மட்டும் சாளரம்போல் விட்டுவைத்து, இறுதியில் அதனைத் தள்ளிக்கொண்டு வண்டாக வெளிவருகின்றது. வெயிற்காலத்தில் இவை அனைத்தும் நிகழ 25 முதல் 30 நாட்கள் ஆகும். வெளிவந்த வண்டு பத்துப் பன்னிரண்டு நாட்கள் வாழும். அது தன் தாயைக் கண்டதில்லை. தன் மக்களையும் காணப்போவதில்லை. ஒரு பயறே அதற்குத் தொட்டிலும் வீடும் உணவும்.

சுண்டெலித் தாய் ஏறத்தாழ 20 நாட்கள் கருவைச் சுமந்து, ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் ஈனும். குட்டிகள் மயிரும் பார்வையும் இன்றிச் செந்நிறமாய்ப் பிறக்கின்றன. கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். பால்குடி மறக்க மூன்று வாரம். அந்த 21 நாட்களும் தாயின் பாலும் உடல் வெப்பமும் இல்லையேல் அவை உயிர் வாழா. சில வேளைகளில் இரண்டு தாயர் ஒரே கூட்டில் குட்டிகளை இட்டு, ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுப்பதும் உண்டு.

இவ்வேற்றுமையிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. வண்டைப் பொறுத்தவரை, கண்ணுக்குத் தெரியும் உயிரைவிடத் தெரியாத உயிர்களே மிகுதி. நாம் வெளியே ஊர்வதை மட்டும் தட்டி அகற்றிவிட்டு, உள்ளிருப்பதை அறியாமல் உலையில் இடுகின்றோம். சுண்டெலியைப் பொறுத்தவரை, ஒரு தாய்க்கு நேரும் தீங்கு ஒன்றோடு நிற்பதில்லை. கூட்டில் காத்திருக்கும் ஆறேழு உயிர்களையும் சேர்த்தே அழிக்கின்றது.

வருத்தம் அறிதல்

கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழக அறிஞர்கள் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடன்வாழும் எலி வருந்துவதைக் கண்ட சுண்டெலிக்குத் தன் வருத்தமும் மிகுவது தெரியவந்தது. அறியாத எலி வருந்தியபோது அவ்வாறு நிகழவில்லை. 2010-ஆம் ஆண்டில், கண் சுருங்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காதும் மீசைமயிரும் நிலை மாறுதல் ஆகியவற்றைக் கொண்டு எலியின் முகத்தில் வலியை அளந்தறியும் முறையையும் வகுத்தனர். இவ்வறிவு எலிகளை வருத்தியே பெறப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த விலையைக் கொடுத்து வந்த அறிவை நாம் பயன்படுத்தாமல் விடுவது அதனினும் பெரிய தவறாகும்.

வண்டின் முகம் கடினத் தோடு. அது சுருங்கவும் மாட்டாது, மலரவும் மாட்டாது. பூச்சிகள் வலியை உணரும் வகை பற்றி இன்றும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. முகத்தில் காட்ட இயலாமை, உள்ளே இல்லாமைக்குச் சான்றாகாது. பொறி மிகுந்த உயிரை வருத்துதல் மிகுந்த தீவினை என்று அறநூல்கள் கூறுவது, பொறி குறைந்ததை வருத்தலாம் என்பதற்கு உரிமைச் சீட்டு அன்று.

இல்லறத்தார் கடன்

துறவியர்க்குரிய முழு அகிம்சை இல்லறத்தார்க்கு இயலாது என்பதாலேயே சங்கல்ப ஹிம்சை, ஆரம்ப ஹிம்சை, உத்தியோக ஹிம்சை, விரோத ஹிம்சை என நான்கு வகை பிரித்தனர். இவற்றுள் கொல்லும் எண்ணத்தோடு செய்யும் முதல் வகையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும். சமையல் முதலிய தொழில்களில் நேர்வது இரண்டாம் வகை; அதனைக் குறைத்தல் வேண்டும். பயற்றில் வெண்புள்ளி என்பது இன்னதென்று அறியாத வரை, அதனை வேகவைத்தது அறியாமல் நேர்ந்தது. அறிந்த பின்னரும் பாராமல் உலையில் இட்டால் அதனை அறியாமை என்று சொல்ல இயலுமா? கல்வி நம் சுமையைக் குறைப்பதில்லை, கூட்டுகின்றது. ஆனால் அச்சுமையைச் சுமக்கும் வழியையும் அதுவே காட்டுகின்றது.

வண்டு பற்றிச் செய்யத்தக்கவை. பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே, முற்றிய காயின்மேல் முட்டையிடத் தொடங்குகின்றது. ஆகவே நெற்று முற்றியவுடன் காலந்தாழ்த்தாமல் அறுவடை செய்தலும், உடனே நன்கு உலர்த்தலும் முதற்கடமை. பயற்றில் ஈரப்பதம் 10 விழுக்காட்டிற்குக் கீழ் இருத்தல் நன்று. துவரையையும் உளுந்தையும் வந்த சில நாட்களுக்குள் தோல் நீக்கிப் பருப்பாக உடைத்து வைத்தல் அடுத்தது; முழுப்பயற்றையே நாடும் இவ்வண்டு உடைத்த பருப்பில் பெருகுவது அரிது. செம்மண் கட்டுதல், ஆமணக்கெண்ணெய் தடவுதல் ஆகிய பழைய முறைகள் சிறந்தவையே. ஆயினும் அவற்றைச் செய்யும் காலம் முதன்மையானது. முட்டை இல்லாத பயற்றில் தடவிய எண்ணெய் வண்டை அணுகவிடாமல் தடுக்கின்றது. முட்டை ஒட்டிய பின்னர்த் தடவிய எண்ணெயோ முட்டையின் மூச்சை அடைத்து அதனை அழிக்கின்றது. கடும் வெயிலில் காய வைப்பதும் அவ்வாறே: புதுப்பயற்றில் அது காப்பு; வண்டு விழுந்த பயற்றில் அது கொலை. பொருள் ஒன்றே, செயலும் ஒன்றே. காலம் மாறினால் அறம் மாறிவிடுகின்றது.

வண்டு கண்ட பயற்றைக் காலை இளவெயிலில் மெல்லப் பரப்பி வைத்தால் வளர்ந்த வண்டுகள் தாமே ஊர்ந்தும் பறந்தும் சென்றுவிடும். வெண்புள்ளி உடைய பயற்றைப் பொறுக்கி எடுத்து, கொல்லையின் ஓரத்தில் மழை படாத நிழலில், பண்டகசாலைக்கு எட்டாத தொலைவில் வைத்துவிடலாம். உள்ளிருப்பது தன் காலத்தில் வெளிவந்து தன் வழியே செல்லும். இவற்றிற்கெல்லாம் மேலான வழி ஒன்று உண்டு: ஒரு மாதத்திற்கு வேண்டியதை மட்டும் வாங்கி வைத்தல். வண்டின் ஒரு தலைமுறைக்கு ஆகும் காலமும் ஏறத்தாழ ஒரு மாதமே அன்றோ? மிகுதியாகக் குவியாத வீட்டில் இரண்டாம் தலைமுறை தோன்ற இடமில்லை. பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளும் விரதம் உயிர்காக்கும் விரதமுமாவதை இங்கே கண்கூடாகக் காணலாம்.

சுண்டெலி பற்றிச் செய்யத்தக்கவை. பென்சில் நுழையும் துளையில் சுண்டெலிக்குட்டி நுழையும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் இடைவெளியே அதற்குப் போதும். கதவின் அடி, குழாய் செல்லும் துளை, கூரையும் சுவரும் கூடும் இடம் ஆகியவற்றை இரும்புக் கம்பிநாரும் சிமெண்டும் கொண்டு அடைத்தல் வேண்டும். தானியத்தை மூடியுள்ள தகரப் பெட்டியிலோ எவர்சில்வர் டின்னிலோ வைத்தால் கொறிக்க வழியில்லை. சுண்டெலி அந்திக்குப் பின்னரே நடமாடும். நம் இல்லங்களில் கதிர் மறையுமுன் உணவு முடிந்துவிடுவதால், இருட்டுமுன் அடுக்களையைத் துடைத்துச் சிந்தியதை அகற்ற நமக்கு நேரமும் உண்டு. உணவு கிடைக்காத வீட்டில் எலி தங்குவதில்லை.

உள்ளே வந்துவிட்டதாயின் உயிரோடு பிடிக்கும் கூண்டே தக்கது. அதில் சிறிது தானியமும் ஈரமான காய்த்துண்டும் இட்டு, சில மணி நேரத்திற்கு ஒருமுறை பார்த்தல் வேண்டும். அகப்பட்டது மடி தெரியும் தாயாயின் அதனைத் தொலைவில் கொண்டுபோய் விடலாகாது. அவ்விடத்திலேயே விட்டுவிட்டு மூன்று வாரம் பொறுத்திருந்து, குட்டிகள் தாமே நடமாடத் தொடங்கிய பின்னர் அவற்றை வெளியேற்றித் துளைகளை அடைத்தல் வேண்டும். பசை அட்டையை எக்காரணத்தாலும் வீட்டிற்குள் கொண்டு வருதல் கூடாது. அதில் ஒட்டிய எலி உடனே இறப்பதில்லை. பசியாலும் நீர்வேட்கையாலும் அச்சத்தாலும் துன்புற்றே மாள்கின்றது. நம் நாட்டின் பல மாநிலங்களில் இதற்குத் தடை உண்டு. எலி நஞ்சும் பல நாட்கள் உள்ளுக்குள் குருதி கசியச் செய்தே கொல்வது. அவ்வெலியைத் தின்ற ஆந்தையையும் அது விடுவதில்லை.

முடிவாக

ஒன்று நாற்பொறி உடையது. மற்றொன்று ஐம்பொறி உடையது. ஒன்று தாயை அறியாதது. மற்றொன்று தாயின்றி வாழாதது. ஒன்று ஒரு பயற்றைத் தன் உலகமாகக் கொண்டது. மற்றொன்று ஓர் இரவில் வீடு முழுதும் உலவுவது. இத்தனை வேற்றுமைக்கும் நடுவே இரண்டிற்கும் பொதுவான ஒரு விதி உண்டு. முட்டை ஒட்டுவதற்கு முன், கூடு கட்டுவதற்கு முன் நாம் விழித்திருந்தால் ஒரு கொலையும் இன்றி உணவைக் காக்கலாம். அந்நேரத்தில் உறங்கிவிட்டால் பின்னர்ச் செய்யும் எச்செயலும் ஏதோ ஓர் உயிருக்குக் கேடாகவே முடியும். அருளுக்கும் ஒரு காலம் உண்டு. அக்காலத்தைக் காட்டுவது அறிவு. நற்காட்சியும் நன்ஞானமும் நல்லொழுக்கமும் தனித்தனியே நில்லாமல் ஒன்றாகச் சேர வேண்டும் என்பதன் பொருளை, ஒரு பிடி பயற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே உணரலாம்.

பிள்ளைகளுக்குச் சில வினாக்கள்

1. பயற்றின்மேல் உள்ள முட்டை கண்ணாடிபோல் இருப்பதற்கும் வெண்மையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. சுண்டெலிக்கும் மூஞ்சூற்றிற்கும் உள்ள வேற்றுமைகள் இரண்டு கூறுக.

3. வளர்ந்த பயறு வண்டு உணவின்றி வாழ்வது எவ்வாறு?

4. ஆமணக்கெண்ணெய் தடவுதல் எப்போது காப்பு, எப்போது கொலை?

5. பால் கொடுக்கும் தாய் எலி கூண்டில் அகப்பட்டால் எத்தனை நாள் பொறுத்திருக்க வேண்டும்? ஏன்?

6. இன்று மாலை உங்கள் வீட்டிலுள்ள பயற்றில் நூறு மணிகளை எண்ணி எடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குக. அவற்றுள் எத்தனை மணிகளில் முட்டை உள்ளது என்று எழுதி, அவற்றை என் செய்வது என்று பெற்றோருடன் கூடிச் சிந்தித்து முடிவு செய்க.